அமைதி அறையின் பயனாளி

"மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. இன்று துன்பத்தை அளக்கவும் கண்டுபிடித்துவிட்டது. இனி இந்த மண்ணில் எந்தக் குழந்தையின் வேதனையும் கணக்கில் வராமல் போகாது."

தலைமையாசிரியர் ஜெகதீசன் இந்த நான்கு வாக்கியங்களையும் ஒரு வாரமாக மெருகேற்றி வைத்திருந்தார். கடைசிச் சொல் மைக்கில் அடங்குவதற்குள் தாளாளர் சென்னியப்பன் கண்ணைக் காட்ட, பள்ளி வாசலில் பத்தாயிரம் வாலா வெடிக்கத் தொடங்கியது. அது ஓய்ந்ததும் செண்டை மேளம். கரூர் – ஈரோடு சாலையில் இருந்த அந்த மேல்நிலைப்பள்ளியில், சத்தம் தாங்காத பிள்ளைகளுக்கான அமைதி அறை இப்படித்தான் திறந்து வைக்கப்பட்டது.

அந்தப் பிள்ளைகள் ஐவரும் விழாவுக்கு வரவில்லை. சிறப்பாசிரியர் ரெஜினா முந்தின நாளே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, நாளைக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டிருந்தார். குழந்தைகள் எங்கே என்று சிறப்பு விருந்தினர் கேட்டபோது, அவர்கள் ஓய்வில் இருக்கிறார்கள் என்றார் ஜெகதீசன்.

மற்றபடி அறை நல்ல அறை. ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால், மணிச்சத்தம் எட்டாத மூலை. சுவரெல்லாம் தக்கை. கண்ணைக் குத்தாத மஞ்சள் விளக்கு. உட்கார மெத்தை நாற்காலிகள், ஆட ஓர் ஊஞ்சல். ஆட்டிசம் உள்ள பிள்ளை மற்ற பிள்ளைகளோடு அதே வகுப்பில் படிக்கும். உலகம் மிஞ்சிப்போகும்போது இங்கே வந்து கொஞ்சம் இருந்துவிட்டு மறுபடி வகுப்புக்குப் போகும். அவ்வளவுதான் ஏற்பாடு.

அறைக்குள் யார் வரலாம் என்பதில்தான் விஞ்ஞானம் நுழைந்திருந்தது. முன்பெல்லாம் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அதற்காகப் பெற்றோர் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய வேண்டும். சுமைமானி வந்தபின் அந்த அலைச்சல் ஒழிந்தது. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டை. வெளிச்சம், சத்தம், கூட்டம், சட்டைத் தையலின் உறுத்தல் என்று உலகம் ஓர் உடம்பை எவ்வளவு அழுத்துகிறது என்பதை நூற்றுக்கு இத்தனை என்று சொல்லிவிடும். அறுபதும் அதற்கு மேலும் வந்தால் அறை உண்டு. சிபாரிசு செல்லாது. சுமை ஆணையம் என்று ஒன்றை அமைத்து, அது சொல்வதே முடிவு என்று அரசு அறிவித்தது. எல்லோரும் பாராட்டினார்கள். முதல் வருடம் ரெஜினாகூடப் பாராட்டினார்.

இரண்டாம் வருடம்தான் சிக்கல் தெரிந்தது. அறை வேலை செய்தது.

பிள்ளைகள் அறைக்கு வந்து போகப் போக அவர்களுடைய எண்கள் இறங்கின. எண் அறுபதுக்குக் கீழே போனதும் ஆணையம் அவர்களைத் 'தேறியவர்' என்று அறிவித்து அறையிலிருந்து விடுவித்தது. தாளாளர் அதற்கொரு விழா எடுத்தார். 'சுமை வென்ற சுடர்கள்' என்று பெயர். நான்கு பிள்ளைகளை மேடையில் நிறுத்தி, பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுத்து, மறுபடியும் அதே செண்டை மேளம். விழாப் படம் ஃப்ளெக்ஸாகப் பள்ளி வாசலில் நின்றது. அதில் நான்கு பேருமே இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார்கள். படம் கம்பீரமாக இருப்பதாகத் தாளாளர் சொன்னார்.

கோடை விடுமுறைக்குள் அந்த நால்வரும் பள்ளியை விட்டு நின்றுபோனார்கள். அதற்கு விழா எதுவும் எடுக்கவில்லை.

மிச்சம் அமுதினி. பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு பி பிரிவு. கணக்கில் சுமார், வரலாற்றில் படு மோசம். காலைக் கூட்டம் முடிந்ததும் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை அமைதி அறைக்கு வருவாள். மற்ற நேரமெல்லாம் காதுமூடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வகுப்பில்தான் இருப்பாள். பேச்சு குறைவு; பேசினால் சுற்றி வளைக்க மாட்டாள். பிள்ளைகள் ஜெகதீசனுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'மைக் சார்'. அதை அவரிடமே சொன்ன ஒரே ஆள் இவள்தான். மைக்கில் பேசும்போது நீங்கள் நல்லவராகத் தெரியவில்லை, இப்போது பரவாயில்லை என்றும் சொல்லியிருந்தாள். ஜெகதீசன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்திருந்தார்.

தன்னைப் பற்றி அவருக்கு ஓர் எண்ணம் உண்டு. தான் அமைதியான மனிதர் என்பது அது. காலைக் கூட்டத்தில் தினமும் ஒரு 'சிந்தனைத் துளி' சொல்வார். பாதிக்கு மேல் மன அமைதியைப் பற்றித்தான் இருக்கும். விடியலில் மூச்சுப்பயிற்சி. போனில் புல்லாங்குழல். இத்தனை வருட வேலையில் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை என்று புது ஆசிரியர்களிடம் சொல்வார். அது உண்மைதான். அந்த வேலையை ஒலிபெருக்கி பார்த்துக்கொண்டது.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் ரெஜினா டீச்சர் அவருடைய அறைக்கு வந்தார்.

"சார், அமுதினிக்கு முப்பத்தொண்ணு காட்டுது."

"நல்ல செய்திதானே டீச்சர்."

"நல்ல செய்திதான் சார். அதுதான் பிரச்சினை."

அடுத்த வாரம் ஆண்டு மதிப்பீடு. ஒரு வாரம் முழுக்கப் பட்டை கையிலேயே இருக்கும்; சராசரி அறுபதுக்குக் கீழே போனால் அமுதினியும் தேறியவள். அறுபது வாங்கியவர் ஒருவர்கூட இல்லாத பள்ளியில் அறையையே மூடிவிடலாம் என்பது விதி. தாளாளர் ஏற்கெனவே ஏசி போட ஆள் கூட்டிவந்து அளவெடுத்துப் போயிருந்தார். நுழைவுத்தேர்வுப் பயிற்சி வகுப்புக்குத் தோதான இடமாம், சத்தமே கேட்காதாம்.

பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்றால் அறை எதற்கு என்று ஜெகதீசன் உண்மையாகவே கேட்டார். ரெஜினா நிமிர்ந்து மேலே பார்த்தார்.

"உங்களுக்கு இப்ப வேர்க்குதா சார்?"

"இல்லையே."

"அப்ப இந்த ஃபேன் உங்களுக்குத் தேவையில்ல. கழட்டிட்டுப் போகச் சொல்லிரட்டுமா?"

ஜெகதீசன் ஃபேனைப் பார்த்தார். கரூர். மார்ச் மாதம்.

ஆணையத்துக்கு இதை விளக்கிச் சொல்லலாமே என்றார். சொல்லியாகிவிட்டது என்றார் ரெஜினா. உங்கள் பள்ளியின் வெற்றிக்கு வாழ்த்துகள் என்று பதில் வந்ததாம்.

அப்போதும் ஜெகதீசனுக்கு அது வருத்தப்பட வேண்டிய விஷயமாகத்தான் பட்டது. தான் ஏதாவது செய்ய வேண்டிய விஷயமாகப் படவில்லை. ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம்தான் இருந்தது. அந்த ஒரு வருடத்தில் நடக்கும் எந்தத் தவறும் ஓய்வூதியத்தில் வந்து உட்காரும். மறுநாள் மதியம் அமுதினியின் அம்மா தன்யஸ்ரீ வராமல் இருந்திருந்தால் அவர் வருத்தப்பட்டு முடித்திருப்பார்.

தன்யஸ்ரீ பெட்ஷீட் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவள். சாப்பாட்டு நேரத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடி வந்திருந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு, பரவால்லீங்க என்று நின்றுகொண்டே பேசினாள். ரெஜினாவும் கூட இருந்தார்.

எண்ணை ஏற்றிக் காட்டினால் அறை இருக்கும் என்று கேள்விப்பட்டதாகவும், அதற்கு வழி தேடியதாகவும் மெதுவாக ஆரம்பித்தாள். பிறகு சொன்னாள்.

"போன ஞாயித்துக்கிழமைங்க சார். டீச்சர்கிட்டக்கூடச் சொல்லலை. காதுமூடியை எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன். டிவியச் சத்தமா வெச்சேன். வெறும் மிக்சிய ஓட விட்டேன். குக்கரை வேற ஏத்திவிட்டேன். அவ கத்தலீங்க. எதுக்கும்மான்னு ஒரு தடவ கேட்டா. அப்புறம் மூலையில போய் உக்காந்து கையக் கடிச்சுக்கிட்டா. நான் போனை எடுத்துப் பட்டையோட நம்பரைப் பாத்தேன். எழுபது காட்டுச்சு."

முந்தானையை இழுத்து விரலில் சுற்றினாள்.

"எனக்குச் சந்தோசமா இருந்துச்சுங்க சார்."

ரெஜினா மேசை மீதிருந்த காகிதத்தை எடுத்து மடிக்கத் தொடங்கினார். எல்லாச் சந்தர்ப்பத்துக்கும் ஒரு சிந்தனைத் துளி வைத்திருந்த ஜெகதீசனுக்கு எதுவும் வரவில்லை. மதிப்பீட்டு வாரம் முழுக்க அப்படியே செய்யச் சொல்வீர்களா, சொன்னால் செய்கிறேன், ஆனால் முடியுமா என்று தெரியவில்லை என்று அவள் கேட்டதற்கும் வரவில்லை. தண்ணீர் குடியுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அவள் போனபிறகு ரெஜினா தன் யோசனையைச் சொன்னார். பட்டை யார் கையில் இருக்கிறது என்று பட்டைக்குத் தெரியாது. போலிச் சான்றிதழ், போலி முகவரி, போலிப் பெற்றோர் என்று எத்தனையோ திருட்டை யோசித்துப் பூட்டுப் போட்டு வைத்திருந்த அரசாங்கம், இன்னொருவருடைய துன்பத்தை ஒருவர் கட்டிக்கொள்வார் என்று யோசிக்கவில்லை. அந்த வாரம் அமுதினியின் பட்டையைத் தானே கட்டிக்கொள்வதாக ரெஜினா சொன்னார்.

"வேண்டாம் டீச்சர். நீங்க ஒப்பந்தம். தெரிஞ்சா அன்னைக்கே வெளிய அனுப்பிருவாங்க."

"அப்ப யாரு சார்?"

ஜெகதீசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். நான் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்ன குரல் அவருக்கே யாரோ பேசுவது போலிருந்தது. உடனே ஒரு கவலையும் வந்தது. அது நிஜமான கவலை.

"ஒண்ணுதான் யோசனையா இருக்கு. நான் கொஞ்சம் நிதானமான ஆள். எனக்கு இருபது முப்பதுன்னு வந்துட்டா?"

ரெஜினா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வராது சார்."

திங்கட்கிழமை காலை அமைதி அறையில் வைத்துப் பட்டை கைமாறியது. அமுதினி தயங்காமல் கழற்றிக் கொடுத்தாள். அது அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. முடி இழுக்கும் சார், பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஜெகதீசன் கேட்டுக்கொண்டபோது, யாராவது கேட்டால் என்ன செய்வது என்றாள். கேட்க மாட்டார்கள் என்றார். ஜெகதீசன் முழுக்கைச் சட்டையின் பித்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

மதிப்பீட்டு வாரத்தில் பட்டையின் எண்ணை யாரும் பார்க்க முடியாது. பெற்றோர் வீணாகப் பதற்றப்படக் கூடாது என்று ஆணையம் அதை மறைத்து வைக்கும். ஆகவே ஜெகதீசன் குத்துமதிப்பாகத்தான் உழைக்க வேண்டியிருந்தது. வழக்கமாகச் சர்க்கரை குறைத்துக் குடிக்கும் காபியைக் கடும் டிகாக்ஷனில் இரண்டு தடவை குடித்தார். காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கிக்குக் கீழேயே நின்றார். மணியடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போடச் சொன்னார். மேற்பார்வையாக்கும் என்று எல்லோரும் விறைப்பானார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் பற்றி ஆசிரியர் கூட்டம் ஒன்றையும் நடத்தினார். அதைவிடக் கனமான ஆயுதம் எந்தப் பள்ளியிலும் கிடையாது.

செவ்வாய்க்கிழமையிலிருந்து ஏதோ மாறியது. அவருடைய அறையில் ஒரு ட்யூப்லைட் பல வருடமாகத் துடித்துக்கொண்டிருந்தது. அன்றுதான் அது துடிப்பதைப் பார்த்தார். சட்டைக் காலர் கழுத்தை அறுத்தது. தாளாளரின் கார் ஹாரன் வாசலில் கேட்டதும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டிருந்தார். ஒவ்வொரு போன் அழைப்புக்கும் முன்னால், புல்லாங்குழல் ஆரம்பிப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே, தோள் தானாக ஏறியது. ரெஜினாவைக் கூப்பிட்டு இந்தப் பட்டை உடம்புக்கு ஆகவில்லை என்றார். இது கையில் ஏறியதிலிருந்து என்னென்னவோ செய்கிறது, கதிர்வீச்சு ஏதாவது இருக்குமோ என்றார்.

"அது அளக்க மட்டும்தான் சார் செய்யும்," என்றார் ரெஜினா.

புதன்கிழமை மதியம் அமுதினியைப் பார்க்க அமைதி அறைக்குப் போனார். பட்டை மாறியது அவளைக் குழப்பியிருக்குமோ என்று விசாரிப்பதாக உத்தேசம். அவள் ஊஞ்சலில் இருந்தாள். அவர் வாசலில் நின்று பொதுவாக நாலு வார்த்தை பேசினார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க விரலால கதவுல தட்டிக்கிட்டே இருக்கீங்க."

ஜெகதீசன் விரலைப் பார்த்தார். தட்டிக்கொண்டிருந்தது.

"நானும் தட்டுவேன்," என்றாள் அமுதினி. "ஒண்ணாவதுல தட்டக் கூடாதுன்னு மிஸ் கையைக் கட்டிப் போட்டாங்க. உங்களை யாரும் சொல்ல மாட்டாங்களா?"

"நான் எச்.எம். ஆச்சே," என்று சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்பது போலத் தலையாட்டிவிட்டு ஊஞ்சலை ஆட்டத் தொடங்கினாள்.

மதிப்பீட்டு அலுவலர் வந்த நாளில் தாளாளரின் கூட்ட அறையில் எல்லோரும் கூடினார்கள். அலுவலர் பெயர் தௌஃபீக். இளைஞர், மரியாதையான பேச்சு, கையில் டேப்லெட். காலையிலேயே பட்டை அமுதினியின் கைக்குத் திரும்பியிருந்தது. தன்யஸ்ரீ மகள் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு விஷயம் தெரியும்; எண் அறுபதைத் தாண்ட வேண்டும் என்று கம்பெனி வாசல் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு வந்திருந்தாள். ஜெகதீசனும் மனதுக்குள் ஏறக்குறைய அதையே செய்துகொண்டிருந்தார். அறுபத்தைந்து வந்தால் போதும். எழுபது என்றால் கௌரவம்.

தௌஃபீக் டேப்லெட்டைப் பார்த்தார். பிறகு அமுதினியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தொண்ணூத்தி நாலு."

மாரியம்மன் தாராளமாகவே கொடுத்துவிட்டாள் என்று தன்யஸ்ரீயின் முகம் மலர்ந்தது. அது மலர்ந்து முடிவதற்குள் தௌஃபீக் மீதியையும் சொன்னார். தொண்ணூறுக்கு மேல் போன மாணவரைக் கூட்டமுள்ள பள்ளியில் வைத்திருக்க விதியில் இடமில்லை. அது குழந்தைக்கு ஆபத்து. மேற்கு மலை அடிவாரத்தில் ஆணையத்தின் உறைவிட மையம் இருக்கிறது. நல்ல காற்று, நல்ல கவனிப்பு, வருடத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வரலாம். நாளைக் காலை வண்டி வந்துவிடும்.

தன்யஸ்ரீ எழுந்து நின்றாள். ரெஜினாவைப் பார்த்தாள். ரெஜினா ஜெகதீசனைப் பார்த்தார். தாளாளர், பாவம், பச்சைப் புள்ளைங்க என்று உச்சுக்கொட்டிவிட்டு, அப்படியென்றால் அறை எப்போது காலியாகும் என்று விசாரித்தார்.

"அங்க ஊஞ்சல் இருக்கா?" என்று கேட்டாள் அமுதினி. அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. விரல் மட்டும் மேசை விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தது, வேக வேகமாக.

ஜெகதீசனின் விரலும் தட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனித்தார். இரண்டும் ஒரே வேகம். இன்னும் ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று ஒரு கணக்கு தலைக்குள் ஓடியது. இத்தனை வருடமாக அவர் சரியாகச் செய்துவந்த வேலையும் அதுதான்.

"அது என்னோடது," என்றார்.

"எது சார்?" என்றார் தௌஃபீக்.

"தொண்ணூத்தி நாலு."

தாளாளர் சிரித்தார். "நம்ம எச்.எம். தமாஷ் பண்றாருங்க. கல்லு மாதிரி ஆளு அவரு."

ஜெகதீசன் சட்டைப் பித்தானைக் கழற்றி முழுக்கையைச் சுருட்டினார். மணிக்கட்டைச் சுற்றிப் பட்டையின் தடம் சிவப்பாக இருந்தது. அமுதினி எட்டிப் பார்த்தாள்.

"நான்தான் சொன்னனே சார், முடி இழுக்கும்னு."

பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். மைக் இல்லாததால் குரல் சின்னதாக இருந்தது. குழந்தைக்கு எண் குறைந்ததற்குக் காரணம் அறைதான் என்றும், அறையை எடுத்தால் எண் தானாக ஏறும் என்றும், ஏறியபிறகு ஆணையம் மறுபடி அறை கொடுக்கும் என்றும், அதற்குள் பிள்ளை பள்ளியை விட்டு நின்றிருக்கும் என்றும் சொன்னார். ஒரு தாய் தன் மகள் கையைக் கடித்துக்கொள்வதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியிருந்தது என்றும் சொன்னார். தன்யஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டாள். இது தன் தவறு மட்டும்தான், டீச்சருக்குத் தெரியாது என்று முடித்தார். அது பொய். அந்த அறையில் அன்று அவர் சொன்ன ஒரே பொய்.

தௌஃபீக் எழுந்து போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். ஜன்னல் வழியாக அவர் பேசுவது தெரிந்தது. முதலில் சாய்ந்து நின்று பேசினார். கொஞ்ச நேரத்தில் நேராக நின்றார். அப்புறம் வெறுமனே தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஜெகதீசன் தன் ஓய்வூதியம் அந்த வராந்தாவில் அங்குமிங்கும் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்த தௌஃபீக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆணையத் தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்டதாகச் சொன்னார்: சுமைமானி தவறாக அளந்ததா?

"இல்லைங்களே," என்றார் ரெஜினா மெதுவாக. "சரியாத்தான் அளந்திருக்கு."

"அதேதான் மேடம் அவரும் சொன்னாரு. கருவி சரி. பேருதான் மாறியிருக்கு. பேரைத் திருத்திக்கலாம்."

ஏன் இந்தப் பெருந்தன்மை என்று அவரே விளக்கினார். நல்ல பையன், மறைக்கத் தெரியவில்லை. வழக்கு, விசாரணை என்று போனால், ஏழாம் வகுப்புப் பெண்ணையும் ஓய்வுபெறப் போகிற தலைமையாசிரியரையும் இந்தக் கருவியால் பிரித்தறிய முடியவில்லை என்று பத்திரிகையில் வரும். அடுத்த வாரம் கருவியின் துல்லியத்துக்கு டெல்லியில் விருது கொடுக்கிறார்கள். ஆகவே யாரும் எதையும் மாற்றிக் கட்டிக்கொள்ளவில்லை. பட்டையை ஜெகதீசன் அணிந்தார். ஜெகதீசனுக்குத் தொண்ணூற்று நான்கு.

"அப்ப என்னை மலைக்கு அனுப்பிருவீங்களா?" என்று கேட்டார் ஜெகதீசன். குரலில் லேசாக ஆசை இருந்ததோ என்று ரெஜினாவுக்குச் சந்தேகம்.

அந்த விதி மாணவர்களுக்கு மட்டும்தானாம். ஆசிரியர்களையும் சேர்த்துக்கொண்டால் எத்தனை பள்ளி மிஞ்சும் என்று விதி எழுதியவர்களில் யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். ஆனால் அறை பற்றிய விதி 'பள்ளி வளாகத்தில் இயங்கும் எவரும்' என்று பரந்த மனதோடு எழுதப்பட்டிருந்தது. ஆகவே அமைதி அறை தொடரும். பயனாளி, தலைமையாசிரியர்.

தௌஃபீக் டேப்லெட்டில் விரலை ஓட்டியபடி, பொதுவாக ஒரு சந்தேகம் கேட்டார். வாரம் முழுக்கத் தினமும் பதினோரு மணி வாக்கில் மட்டும் எண் உச்சத்துக்குப் போகிறதே, அந்த நேரத்தில் பள்ளியில் என்ன நடக்கும்? பதினோரு மணிக்குத் தாளாளர் ரவுண்ட்ஸ் வருவார். அதை யாரும் சொல்லவில்லை. எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். தாளாளர் கூரையைப் பார்த்தார்.

"சார், பாப்பாவுக்கு?" என்றாள் தன்யஸ்ரீ.

அதுதான் தௌஃபீக்குக்கும் சங்கடமாக இருந்தது. பாப்பாவின் கடைசி எண் முப்பத்தொன்று. விதிப்படி அவளுக்கு எந்தச் சுமையும் இல்லை. அவள் அறைக்குள் போக முடியாது. இதுவரை ஒரு காகிதத்தை மடித்துக்கொண்டிருந்த ரெஜினா அதை மேசையில் வைத்தார்.

"பயனாளிக்குத் துணையாள் உண்டுல்ல சார்?"

உண்டு. ஒருவர். பயனாளியின் அவதியை அவர் சொல்லாமலே அடையாளம் காணத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

"எங்க சாரோட அவதியைக் கண்டுபிடிச்ச ஆள் இந்தப் பள்ளிக்கூடத்துலயே ஒருத்திதான்," என்றார் ரெஜினா. "இந்தா உக்காந்திருக்கா."

தௌஃபீக் அமுதினியைப் பார்த்தார். உனக்குச் சம்மதமா என்று கேட்டார். அவளிடம் அன்று கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. அவள் யோசித்தாள்.

"உள்ள வந்து சார் பேசக் கூடாது."

ஜெகதீசன் ஒப்புக்கொண்டார். தௌஃபீக் பதிவு செய்தார்.

தன்யஸ்ரீக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. படியிறங்கும்போது, அப்போ எம்புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்களா டீச்சர் என்று கேட்டாள். இல்லம்மா, பதிவுப்படி சாருக்குத்தான் என்றார் ரெஜினா. சொல்லிவிட்டு வாசலிலேயே சற்று நின்றார். அறை வேண்டிய பிள்ளையின் பெயர் பயனாளிப் பட்டியலில் இல்லை. கேட்காத மனிதரின் பெயரில் அறை இருக்கிறது. ஜெகதீசன் அடுத்த வருடம் ஓய்வு பெறுவார். அதற்கடுத்த தலைமையாசிரியருக்கும் இதே அளவு சுமை இருக்க வேண்டும் என்று இப்போதே வேண்டிக்கொள்ளத்தான் முடியும். தாளாளர் மாறாதவரை அதில் பெரிய கஷ்டம் இருக்காது என்று தோன்றியது.

புது ஏற்பாட்டின் முதல் நாள், சாப்பாட்டு மணிக்குப் பிறகு, பயனாளி அறைக்கு வந்தார். கூச்சமாக இருந்ததால் கையில் கோப்பு ஒன்றை எடுத்து வந்திருந்தார். துணையாள் ஏற்கெனவே வந்து மூலை நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். வணக்கம் சொல்ல வாயெடுத்த ஜெகதீசன் நிபந்தனை நினைவு வந்து மூடிக்கொண்டார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். மஞ்சள் விளக்கு. தக்கைச் சுவர். போனை வெளியிலேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்பதால் கை எதையோ தேடிவிட்டு அடங்கியது. யாரும் எதுவும் கேட்கவில்லை. தேர்ச்சி விகிதம் என்ற ஒன்று இந்த உலகத்தில் இருப்பதாகவே தெரியவில்லை. நாளைய கூட்டத்துக்கு ஒரு சிந்தனைத் துளி யோசிக்கலாம் என்று கண்ணை மூடினார்.

கொஞ்ச நேரத்தில் ரெஜினா டீச்சர் வராந்தாவில் அமுதினியைப் பார்த்தார். காதுமூடியை இறுக்கி மாட்டிக்கொண்டு ஏழாம் வகுப்பு பி பிரிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அறையில் ஏன் இருக்கவில்லை என்று கேட்டதற்கு, அங்கே சத்தம் தாங்கவில்லை என்றாள். ரெஜினா போய்க் கதவைத் திறந்து பார்த்தார்.

தலைமையாசிரியர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.